கால் வைக்கும் இடம் தெரியுமா? – தானாக ஒழுங்குபடும் பிளாஸ்ரிக்கும் சேதன இலத்திரனியலும்

கடந்த மாதம் என் தம்பி தனது கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். செயற்கைக் கை ஒன்றின் விரல்நுனியில் தோல் போன்ற மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதைத் தொட்டதும் பக்கத்திலிருந்த கணினித் திரையில் கோடுகள் துடித்தன. "அண்ணை, இது உண்மையோ? எங்களுக்கு வருமோ?" என்று கேட்டான்.

2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில், பளைப் பக்கம் இருந்த எங்கள் காணியைத் துப்புரவாக்கப் போனபோது மிதிவெடியில் அவனது வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இப்போது அவன் போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். தோட்டம் செய்கிறான், சைக்கிள் ஓடுகிறான். ஆனால் இருட்டில் நடக்கமாட்டான். குனிந்து பார்த்துத்தான் கால் வைப்பான். கல்லில் வைத்தாலும் சேற்றில் வைத்தாலும் அவனுக்கு ஒன்றுதான். "கால் பாரமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. வைக்கிற இடம் தெரிஞ்சாக் காணும்" என்பான்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியன். அவனது கேள்விக்கு 'ஓம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தேடி வாசித்துப் பிறகு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல அந்தக் காணொளிகளைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பவர்கள் எங்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிளாஸ்ரிக்கில் மின்சாரம் பாயுமா?

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்டோம். அந்த வயரைச் சீவும்போது கற்ற பாடம் இதுதான்: உள்ளே இருக்கும் செம்பில் மின்சாரம் ஓடும், வெளியே இருக்கும் பிளாஸ்ரிக் அதை மறிக்கும். பள்ளிக்கூடப் புத்தகமும் அதையே சொன்னது.

அந்தப் பாடம் முழுமையானதல்ல என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1967இல் யப்பானில் ஹிடெக்கி சிராகாவாவின் ஆய்வுகூடத்தில் பொலி அசற்றிலீன் என்ற பிளாஸ்ரிக்கைச் செய்யும்போது, ஊக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். வெள்ளிபோல மினுங்கும் மெல்லிய படலம் கிடைத்தது. பத்து ஆண்டுகளின் பின், 1977இல், சிராகாவாவும் அமெரிக்காவில் அலன் மக்டயர்மிட், அலன் ஹீகர் ஆகியோரும் சேர்ந்து அந்தப் படலத்தில் அயடீன் ஆவியைப் பட விட்டார்கள். அதன் மின்கடத்தும் ஆற்றல் பத்து மில்லியன் மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டு மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிளாஸ்ரிக்கை இரசாயனவியலில் பல்பகுதியம் என்கிறோம். ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. சாதாரண பிளாஸ்ரிக்கில் ஒவ்வோர் இலத்திரனும் தன் பிணைப்புக்குள் இறுக அடைபட்டிருக்கும். ஆனால் சங்கிலியில் உள்ள காபன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் நிலைமை வேறு. இரட்டைப் பிணைப்பின் இலத்திரன்கள் சங்கிலி நெடுகப் பரவிவிடும். அயடீன் அவற்றில் சிலவற்றைப் பறித்து வெற்றிடங்களை உண்டாக்குகிறது. சனம் நிரம்பிய பஸ்சில் ஒருவர் இறங்கினால்தான் மற்றவர்கள் அசைய இடம் வரும். வெற்றிடம் அந்த இடத்தைத்தான் கொடுக்கிறது. அதற்குப் பிறகு மின்னேற்றம் நகரும்.

பிளாஸ்ரிக் போன்ற காபன் சேர்வைகளை வைத்துச் செய்யும் திரான்சிற்றர், ஒளிகாலும் இருவாயி, சூரிய மின்கலம் ஆகியவற்றைப் பற்றிய துறைதான் சேதன இலத்திரனியல். சேதனம் என்ற சொல்லை எங்கள் பாடப்புத்தகங்கள் காபன் சேர்வைகளுக்குப் பயன்படுத்துகின்றன.

இடியப்பச் சிக்கல்

நம்பிக்கை பெரிதாக இருந்தது. கண்ணாடியையும் சிலிக்கனையும் விட்டு, பத்திரிகை அச்சடிப்பது போலப் பிளாஸ்ரிக் தாளில் மின்சுற்றுகளை அச்சடிக்கலாம் என்றார்கள். சிலிக்கனை உருக்க 1400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். தூசியே இல்லாத அறைகளும் மிகப் பெரிய முதலீட்டில் கட்டிய தொழிற்சாலைகளும் வேண்டும். பல்பகுதியத்தையோ ஒரு கரைப்பானில் கரைத்து மைபோலப் பூசலாம்.

ஆனால் 1986இல் யப்பானில் பொலிதயோபீன் என்ற பல்பகுதியத்தில் செய்த திரான்சிற்றரில் மின்னேற்றம் ஆமைபோல ஊர்ந்தது. ஒரு பொருளுக்குள் மின்னேற்றம் எவ்வளவு இலகுவாக நகரும் என்பதற்கு 'நகருதிறன்' என்று ஓர் அளவு உண்டு. வோல்ற்று-செக்கனுக்கு இத்தனை சதுர சென்ரிமீற்றர் என்று அதைச் சொல்வார்கள். பளிங்குச் சிலிக்கனில் இது 1000க்கு மேல். எல்.சி.டி. தொலைக்காட்சித் திரைகளின் பின்னால் இருக்கும் ஒழுங்கற்ற சிலிக்கனில் ஏறத்தாழ 1. அந்தப் பொலிதயோபீனில் 0.00001 அளவுதான்.

காரணம் பொருளில் இல்லை, அது அடுக்கியிருக்கும் விதத்தில் இருந்தது. பூசிக் காய்ந்த பிளாஸ்ரிக் படலத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் இடியப்பத் தட்டுப் போல இருக்கும். நீண்ட இழைகள் வளைந்து, மடிந்து, ஒன்றோடொன்று சிக்குண்டு கிடக்கும். ஒரே இழையில் மின்னேற்றம் விரைவாக ஓடும். இழை வளையும் இடத்தில் தடுக்கும். ஓர் இழையிலிருந்து மற்ற இழைக்குப் பாய வேண்டுமானால் இரண்டும் முகத்தோடு முகம் நெருங்கி நிற்க வேண்டும். சிக்கலில் அந்த வாய்ப்பு அரிது.

அப்படியானால் இழைகளை யார் நேராக்குவது? ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடித்து அடுக்க யாராலும் முடியாது. அவை தாமாகவே அடுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான வழி நூறு ஆண்டு பழைய வேறொரு கண்டுபிடிப்பில் இருந்தது.

திரவமும் அல்ல, திண்மமும் அல்ல

1888இல் பிராக் நகரில் பிரெடரிக் றைனிற்சர் என்ற தாவரவியலாளர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்திரோல் சேர்வை ஒன்றைச் சூடாக்கினார். 145.5 பாகையில் அது உருகியது. ஆனால் தெளிவாக உருகவில்லை, கலங்கலாக இருந்தது. 178.5 பாகைக்குப் போன பிறகுதான் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? அவர் ஜேர்மன் பௌதிகவியலாளர் ஒட்டோ லேமனுக்கு எழுதினார். இடையில் இருந்த அந்தக் கலங்கல் நிலை திரவம்போல ஓடியது, ஆனால் ஒளியைப் பளிங்குபோலக் கையாண்டது. இந்த நிலைக்குத்தான் திரவப் பளிங்கு என்று பெயர் வந்தது.

வகுப்பில் இதை நான் ஈர்க்குகளை வைத்து விளக்குவேன். ஒரு கட்டு ஈர்க்கை நிலத்தில் வீசினால் தாறுமாறாக விழும். அது திரவம். அவற்றை ஒரு நீண்ட பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினால் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும், ஆனால் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும். அது திரவப் பளிங்கின் முதல் வகை. திசையும் ஒன்றாகி, தட்டுத் தட்டாகவும் அடுக்குப்பட்டால் அது இரண்டாம் வகை. யாரும் கையால் அடுக்கவில்லை. ஈர்க்கின் விறைப்பும் நீளமும் பெட்டியின் இடநெருக்கமும் போதுமான குலுக்கலும் அந்த வேலையைச் செய்கின்றன. மூலக்கூறுகளுக்குக் குலுக்கல் என்பது வெப்பம்.

இது அபூர்வமான பொருள் என்று நினைக்க வேண்டாம். சவர்க்காரப் பெட்டியின் அடியில் தண்ணீர் பட்டு ஊறிக் கிடக்கும் வழுவழுப்பான பசையும் ஒரு திரவப் பளிங்குதான். 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே, சாதாரண அறை வெப்பநிலையில் நிலைத்திருக்கும் திரவப் பளிங்குகளை உருவாக்கினார். கணிப்பான், கைக்கடிகாரம் தொடங்கி எல்.சி.டி. தொலைக்காட்சி வரை அந்த வழியில் வந்தவை. அவற்றில் உள்ள திரவப் பளிங்கு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மின்னழுத்தம் பட்டதும் திரும்பி, ஒளியை விடுவதும் மறிப்பதும்தான் அதன் வேலை. கடத்தும் திரவப் பளிங்கு அதற்குப் பிறகு வந்தது.

மோர் போன்ற கரைசல்

நீண்ட பல்பகுதியச் சங்கிலிகளும் திரவப் பளிங்காக முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்ரெபனி குவொலெக் என்ற பெண் இரசாயனவியலாளர். 1965இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் அவர் தயாரித்த ஒரு கரைசல் வழக்கம்போலத் தேன்மாதிரித் தடிப்பாகவும் தெளிவாகவும் இல்லை. மோர்போலக் கலங்கி, தண்ணீராக ஓடியது. இழை நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துளைகள் அடைபட்டுவிடும் என்று பயந்து முதலில் மறுத்தாராம். குவொலெக் விடவில்லை. விறைப்பான சங்கிலிகள் கரைசலிலேயே அணிவகுத்து நின்றதால்தான் அது கலங்கலாக இருந்தது. நுண்துளை வழியாக இழுத்தபோது எல்லாம் இழையின் திசையிலேயே திரும்பின. கிடைத்த நார், அதே எடையுள்ள உருக்கைவிட ஐந்து மடங்கு வலிமையானது. அதுதான் கெவ்லார்.

குண்டு துளைக்காத அங்கிகளில் மட்டுமல்ல, மிதிவெடி அகற்றுபவர்கள் அணியும் காப்பு அங்கிகள் பலவற்றிலும் இந்த வகை நார் இருக்கிறது. முகமாலையில் வெயிலில் முழங்காலில் இருந்து நிலத்தைச் சுரண்டிய பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். அவர்களின் மார்பை மூடியிருப்பது, தாமாக ஒழுங்குபட்ட மூலக்கூறுகள். தனித்தனியாக அந்தச் சங்கிலிகளில் அதிசயம் எதுவும் இல்லை. ஒரே திசையில் நின்றபோதுதான் வலிமை வந்தது. வலிமைக்குப் பொருந்திய இந்த விதி மின்சாரத்துக்கும் பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி.

தென்னோலை வடிவ மூலக்கூறு

கடத்தும் பல்பகுதியத்தின் முதுகெலும்பு விறைப்பானது. விறைப்பான பொருள் கரையாது, உருகாது. கரையாததை மையாக்கவும் முடியாது. ஆகவே முதுகெலும்பின் இருபுறமும் மெழுகு போன்ற நெகிழும் பக்கச் சங்கிலிகளை இணைத்தார்கள். தென்னோலையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விறைப்பான மட்டை, இருபுறமும் வளையும் இதழ்கள். மட்டை மின்சாரத்தைக் கடத்தும். இதழ்கள் கரைய உதவும். அதோடு, ஓர் ஓலைக்கும் அடுத்த ஓலைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதையும் அவையே தீர்மானிக்கும்.

இந்த வடிவம் கிடைத்ததும் மூலக்கூறுகள் தாமாக அடுக்கத் தொடங்கின. 1992இல் அமெரிக்காவில் றிச்சர்ட் மக்கலோவின் குழு, பொலிதயோபீனின் பக்கச் சங்கிலிகள் எல்லாம் ஒரே முறையில் பொருந்தும்படி செய்தது. 1999இல் கேம்பிரிட்ஜில் ஹெனிங் சிறிங்கவுஸ் முதலானோர் அந்த வகைப் பொலிதயோபீனை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. பொருள் அதே பொருள். மூலக்கூறுகள் தளத்தின்மேல் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் படலத்தில் நகருதிறன் 0.1 வரை போனது. தட்டையாகப் படுத்துக் கிடக்கும் படலத்தில் அது நூறு மடங்குக்கு மேல் குறைவு. திரான்சிற்றரில் மின்னேற்றம் தளத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் ஓட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் மூலக்கூறுகள் முகத்தோடு முகம் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதால் அந்தத் திசையில் வழி திறக்கிறது.

2000ஆம் ஆண்டு அதே கேம்பிரிட்ஜ் குழு உண்மையான திரவப் பளிங்குப் பல்பகுதியம் ஒன்றைக் கையில் எடுத்தது. புளோரீன், தயோபீன் என்ற இரு வளைய அலகுகள் மாறி மாறி வரும் அதற்கு எப்8ரி2 என்று சுருக்கப்பெயர். கண்ணாடியின்மேல் ஒரு பிளாஸ்ரிக் பூச்சைப் பூசி, அதைத் துணியால் ஒரே திசையில் தேய்த்தார்கள். எல்.சி.டி. திரை செய்பவர்களின் பழைய உத்தி இது. அதன்மேல் எப்8ரி2வைப் பூசி, திரவப் பளிங்கு நிலை வரும்வரை சூடாக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, சட்டென்று குளிர வைத்தார்கள். தேய்த்த திசையைச் சங்கிலிகள் பின்பற்றின. அந்த ஒழுங்கு அப்படியே உறைந்துவிட்டது. தேய்த்த திசையில் நகருதிறன் 0.01 முதல் 0.02 வரை இருந்தது. குறுக்குத் திசையில் அது 5 முதல் 8 மடங்கு குறைவு. மின்சாரத்துக்கும் அந்த விதி பொருந்தியது.

பெரிய பாய்ச்சல் 2006இல் வந்தது. இங்கிலாந்தில் மேர்க் நிறுவன ஆய்வுகூடத்தில் இயன் மக்கலொக், மார்ட்டின் ஹீனி ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து பிபிரிரிரி என்ற பல்பகுதியத்தை வெளியிட்டார்கள். அதில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. முதலாவது, முதுகெலும்பில் இரண்டு வளையங்கள் ஒட்டிய விறைப்பான அலகு ஒன்றைச் சேர்த்தார்கள். அதனால் சங்கிலி நேராக நின்றது, காற்றில் பழுதாவதும் குறைந்தது. இரண்டாவது, பக்கச் சங்கிலிகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டார்கள். இரண்டு சீப்புகளின் பற்களை எதிரெதிராகக் கோப்பது போல, ஓர் ஓலையின் இதழ்கள் அடுத்த ஓலையின் இதழ்களுக்குள் புகுந்து பூட்டிக்கொண்டன.

இந்தப் படலத்தை ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் சூடாக்கினால் மெழுகு போன்ற பக்கச் சங்கிலிகள் மட்டும் உருகும். முதுகெலும்புகள் தட்டுத் தட்டான திரவப் பளிங்காக நின்று, வழுக்கி, தத்தம் இடத்தைத் தேடிக்கொள்ளும். மெதுவாகக் குளிர்ந்ததும் இதழ்கள் மீண்டும் பூட்டிக்கொள்ளும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வயல் வரம்புபோலப் படிப்படியான மேடைகள் தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு மூலக்கூறு அடுக்கின் உயரம். நகருதிறன் 0.2 முதல் 0.6 வரை வந்தது. 1986இன் பொலிதயோபீனோடு ஒப்பிட்டால் பத்தாயிரக்கணக்கான மடங்கு. தொலைக்காட்சித் திரையின் ஒழுங்கற்ற சிலிக்கனுக்கு அருகில் ஒரு பிளாஸ்ரிக் மை வந்து நின்றது.

பூசும் தளமும் முக்கியம் என்பது அப்போது தெளிவானது. தளத்தின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிப்பில் மெழுகுத்தன்மையான பூச்சை முதலில் பூசினால் ஒழுங்கான பகுதிகள் மிகப் பெரிதாக வளர்ந்தன. அது இல்லாவிட்டால் சிறுசிறு துண்டுகளாக நின்றன. நல்ல மூலக்கூறு மட்டும் இருந்தால் காணாது. நிற்கும் நிலமும் சரியாக இருக்க வேண்டும்.

ஒழுங்கு கூடினால் எல்லாம் சரியா?

இப்படிப் பார்த்தால், ஒழுங்கு கூடக் கூட மின்சாரம் நன்றாக ஓடும் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். விஞ்ஞானிகளும் சில காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு வந்த சில பல்பகுதியங்கள் அந்த எண்ணத்தைத் திருத்தின. ஊடுகதிரில் பார்த்தால் அவற்றில் ஒழுங்கு குறைவு. நகருதிறனோ 1ஐத் தாண்டியது.

2013, 2014ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இதை விளக்கின. ஒழுங்கான பகுதிகளைத் தீவுகள் என்று வைத்துக்கொள்வோம். தீவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுத்த தீவுக்குப் பாலம் இல்லாவிட்டால் மின்னேற்றம் கரையிலேயே நிற்கும். நீண்ட சங்கிலிகள் ஒரு தீவில் தொடங்கி இடையிலுள்ள சிக்கலைத் தாண்டி அடுத்த தீவில் முடிந்தால், அவையே பாலமாகின்றன. பண்ணைப் பாலம் இல்லாமல் தீவகத்தையும் பட்டினத்தையும் நினைத்துப் பார்த்தால் விளங்கும். சங்கிலியின் முதுகெலும்பு முறுகாமல் தட்டையாக இருந்தால், சிக்கலுக்கு நடுவிலும் மின்னேற்றம் அதன்வழியே ஓடிவிடுகிறது. திரவப் பளிங்கு வழி இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது ஒரேயொரு வழியல்ல.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் இழை

இந்த வரலாற்றில் எங்கள் ஊர்ப் பெயரும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்தவர். ஜெனி நெல்சன் முதலானோருடன் சேர்ந்து அவர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலத்தில் ஒரு பல்பகுதியத்தைப் பூசிச் சூரிய மின்கலம் செய்வது பற்றியது. அந்தப் பல்பகுதியம் மேலே சொன்ன எப்8ரி2. கேம்பிரிட்ஜில் துணியால் தேய்த்து அணிவகுக்க வைத்த அதே பொருள். இங்கே அது ஒளியை உறிஞ்சும் வேலையையும், மின்னேற்றத்தைக் கொண்டுசெல்லும் வேலையையும் சேர்த்துச் செய்தது. அவர் பின்னர் யாழ்ப்பாணத்திலும் சூரிய மின்கல ஆய்வைத் தொடர்ந்தார். அங்கே படித்த மாணவர்கள் அதே துறையில் ஆய்வு செய்தார்கள்.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து இருப்பார்கள். "சேர், எங்கட கம்பஸிலயோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எங்கள் கம்பஸில்தான் என்றேன்.

இன்று எங்கே நிற்கிறோம்?

தம்பியின் கேள்விக்கு வருவோம். காணொளிகள் சொல்லாத சில உண்மைகளை முதலில் சொல்ல வேண்டும்.

கைத்தொலைபேசிகளில் இன்று பரவலாக உள்ள ஓ.எல்.ஈ.டி. திரைகள் சேதன இலத்திரனியலின் பெரிய வெற்றி. ஆனால் அவற்றில் ஒளிர்பவை பெரும்பாலும் சிறு மூலக்கூறுகள். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பவை. அச்சடித்த திரவப் பளிங்குப் பல்பகுதியங்கள் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

2000இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்திலிருந்து பிறந்த பிளாஸ்ரிக் லொஜிக் நிறுவனம், பிளாஸ்ரிக் திரான்சிற்றர்களில் மின்னூல் வாசிப்பான் செய்ய 2008இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டனில் தொழிற்சாலை திறந்தது. 2010 தொடக்கத்தில் அந்தக் கருவி அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. அப்பிள் ஐபாட் வந்ததும் அந்த ஆண்டுதான். ஆய்வுகூடத்தில் வேலை செய்வதற்கும் கடையில் விற்பதற்கும் இடையில் இப்படிப் பள்ளங்கள் உண்டு.

பல்பகுதியச் சூரிய மின்கலங்கள் 2000களின் நடுப்பகுதியில் ஒளியின் 5 வீதத்தை மின்சாரமாக்கின. 2019இல் அது 15 வீதத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஆய்வுகூடச் சிறு மாதிரிகளில் 19 வீதத்தையும் தாண்டியது. கூரையில் பூட்டும் சிலிக்கன் பலகைகளும் 20 வீதம் அளவில்தான். ஆனால் சிலிக்கன் பலகை 25 ஆண்டு உழைக்கும். பல்பகுதியத்தை ஒட்சிசனும் ஈரப்பதனும் வெயிலும் சேர்ந்து அரிக்கும். எங்கள் காலநிலையில் அந்த மூன்றும் தாராளமாக உண்டு.

இனிச் செயற்கைத் தோல். 2015இல் ஸ்ரான்பேர்ட் பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழு, அழுத்தத்தை உணரும் நெகிழும் தாளை அச்சடித்த சேதன மின்சுற்றோடு இணைத்தது. மெதுவாக அழுத்தினால் சில துடிப்புகள், பலமாக அழுத்தினால் பல துடிப்புகள். எங்கள் நரம்புகள் மூளைக்குச் சொல்லும் மொழியும் அதுதான். அந்தத் துடிப்புகளை எலியின் மூளைத் திசு ஏற்றுக்கொண்டதையும் காட்டினார்கள். மனிதரில் அல்ல, ஆய்வுகூடத்தில் வைத்திருந்த திசுவில்.

கால் பற்றிய ஆய்வும் இருக்கிறது. 2019இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்களின் தலைமையில் சேர்பியாவின் பெல்கிரேட்டில், முழங்காலுக்கு மேல் காலிழந்த இருவருக்குச் செயற்கைப் பாதத்தின் அடியில் உணரிகளைப் பூட்டி, தொடையிலுள்ள நரம்பில் மின்வாய்களைப் பொருத்தினார்கள். நிலத்தில் கால் படுவதை அவர்கள் உணர்ந்தார்கள். நடை வேகம் கூடியது, களைப்புக் குறைந்தது. இல்லாத காலில் வரும் வலியும் குறைந்தது. அந்த உணரிகள் பல்பகுதியத்தில் செய்தவை அல்ல. ஆனால் உணர்வைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பது அங்கே உறுதியானது.

பல்பகுதியம் இதில் எதற்கு? நரம்பு மென்மையானது. விறைப்பான உலோகமும் சிலிக்கனும் நாளடைவில் அதை உறுத்தும். மென்மையான கடத்தும் பல்பகுதியம் அதற்குப் பொருத்தமானது. பாதம் முழுவதையும் மூடும் அளவுக்கு உணரிகளைக் குறைந்த செலவில் செய்யவும் அச்சடிக்கும் வழி வேண்டும். அச்சடித்த மை காயும்போது தானாக ஒழுங்குபட்டால்தான் அந்தச் சுற்று வேலை செய்யும். இடியப்பச் சிக்கலை அவிழ்த்த நாற்பது ஆண்டு உழைப்பு இங்கேதான் பயன்படுகிறது.

தம்பிக்குச் சொன்ன பதில்

"காணொளி உண்மை. ஆனால் கடையில இல்லை. எப்ப வருமெண்டு ஒருத்தராலும் திகதி சொல்ல ஏலாது. யாரும் இப்பவே தாறமெண்டு காசு கேட்டால் குடுத்திடாதை" என்றேன். கடைசி வசனத்தை இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். காலிழந்தவர்களின் நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் காலைத் தட்டிக் காட்டி, "இது எப்படி எங்களுக்கு வந்தது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. றப்பரும் மரமும் சேர்ந்த பாதம். றப்பரும் ஒரு பல்பகுதியம்தான். வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் வயலில் இறங்கவும் ஏற்றது. அது எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதைவிடச் சிறந்த கால் உலகில் இல்லை என்பதல்ல. சிறிய பட்டறையில், குறைந்த செலவில், எங்கள் ஆட்களே செய்ய முடிந்தது என்பதுதான்.

திரவப் பளிங்குப் பல்பகுதியங்களில் நான் நம்பிக்கை வைப்பதும் அதனால்தான். 1400 பாகை உலை கேட்கும் தொழில்நுட்பத்தை நாங்கள் வாங்கத்தான் முடியும். 150 பாகைச் சூட்டில், ஒரு மையையும் அச்சு இயந்திரத்தையும் வைத்துச் செய்யும் தொழில்நுட்பத்தை ஒரு நாள் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ செய்யவும் முடியும். அதற்கு அந்த மையைப் பற்றித் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்க வேண்டும்.

தம்பியின் மகள் வருகிற ஆண்டு உயர்தரம் எடுக்கிறாள். நாங்கள் கதைத்ததை வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "பெரியப்பா, அந்த ஈர்க்குப் பெட்டியை நாளைக்கு எனக்குக் காட்டுங்கோ" என்றாள். மறுநாள் பின்னேரம் ஒரு கட்டு ஈர்க்கையும் நீளமான சப்பாத்துப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். குலுக்கியது தம்பிதான்.